வெள்ளைத் திரை வாடாமல்லி நிறமானால் என்ன அர்த்தம், தெரியுமா?

மானிட்டரில் திடீரென நிறம் மாறிப்போச்சா? திரை நொடிக்கொரு தரம் கண்ணடிக்கிறதா? ‘அவ்வளவுதான், புதுசு வாங்க வேண்டியதுதான்’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்! கோளாறு எங்கே இருக்கிறது என்பதைக் கெட்டுப்போன அந்த நிறமே காட்டிக்கொடுத்துவிடும், தெரியுமா?

நீலத் தலை வைத்த விஜிஏ கேபிளை எல்லோரும் பார்த்திருப்போம். 1987-இல் ஐபிஎம் அதைத் தன் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்தது. இன்றைக்கும் எத்தனையோ பள்ளி லேப்களில் அதுதான் உழைக்கிறது. அதன் முனையில் மூன்று வரிசையாக 15 பின்களுக்கு இடம். முதல் பின் சிவப்புக்கு, இரண்டாவது பச்சைக்கு, மூன்றாவது நீலத்துக்கு! ஒவ்வொரு நிறமும் தனிக் கம்பியில் வருகிறது. அதற்கான மின்னழுத்தம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 0.7 வோல்ட்! டார்ச்சில் போடும் ஒற்றை பேட்டரியில் பாதிகூட இல்லை. உலகத்து நிறமெல்லாம் அதற்குள் ஏறி இறங்கித்தான் திரைக்கு வந்து சேருகிறது.

இப்போது விந்தையைக் கேளுங்கள். சிவப்புப் பின் வளைந்துபோனால் வெள்ளைப் பக்கம் பச்சை கலந்த நீலமாகும். நீலம் வராவிட்டால் மஞ்சளாகும். பச்சை வராவிட்டால்? பளிச்சென்று வாடாமல்லி நிறம்! ஆகவே திரை வாடாமல்லியாக மாறினால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு விஜிஏ பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அகலமான மேல் வரிசையில், சரியாக இரண்டாவது பின் பக்கத்துப் பின்மீது சாய்ந்தோ உள்ளே அமுங்கியோ இருக்கக்கூடும். மெல்லிய குறடால் மெதுவாக நிமிர்த்துங்கள், நேராகச் சொருகுங்கள், இரண்டு பக்க ஸ்க்ரூவையும் முடுக்குங்கள். பல சமயம் அதோடு சரியாகிவிடும். நடு வரிசையில் ஒரு பின்னைக் காணோமே என்று பதறவும் வேண்டாம். ஒன்பதாவது பின் இல்லாமலே தயாராகும் கேபிள்கள் ஏராளம்!

எச்டிஎம்ஐ கேபிளில் கதையே வேறு. படம் முழுசாக வரும், ஆனால் கறுப்பு சாம்பலாகவும் மற்ற நிறங்கள் வெளுத்தும் தெரியும். காரணம் தெரியுமா? கம்ப்யூட்டருக்குக் கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255. டிவி உலகத்திலோ கறுப்பு 16, வெள்ளை 235! கம்ப்யூட்டர் எதிரே இருப்பதை டிவி என்று நினைத்து டிவி கணக்கில் அனுப்ப, மானிட்டர் அதைக் கம்ப்யூட்டர் கணக்கில் படித்துக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டு செட்டிங்கில் கலர் ரேஞ்ச் ‘லிமிடெட்’ என்று இருப்பதை ‘ஃபுல்’ என்று மாற்றிப் பாருங்கள். வெளுத்த படத்தில் சட்டென்று உயிர் வந்துவிடும்! சாயங்காலம் ஆனதும் திரை மஞ்சள் பூத்தால் அது நோயே இல்லை, ‘நைட் லைட்’ என்ற வசதி வேலை செய்கிறது.

சரி, குற்றம் மானிட்டரிலா, கம்ப்யூட்டரிலா? இதைச் சொல்லும் ஒரு சோதனை மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது! மானிட்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். திரையில் தோன்றும் சின்னக் கட்டத்தை மானிட்டர் தானாகவே வரைகிறது. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் படம் படபடக்க, மெனு மட்டும் அசையாமல் சரியான நிறத்தில் நின்றால் குற்றம் பெரும்பாலும் கேபிளிலோ கம்ப்யூட்டரிலோதான். மெனுவும் சேர்ந்து துடித்தால் மானிட்டரையே சந்தேகப்படலாம்.

விண்டோஸிலும் இப்படி ஒரு சோதனை உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுவும் சேர்ந்து சிமிட்டினால் டிரைவர் கோளாறாக இருக்கலாம். அது மட்டும் சிமிட்டாமல் இருந்தால் ஏதோ ஓர் ஆப்தான் காரணமாக இருக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லித்தரும் வழி இது!

நாற்காலியால்கூட மானிட்டர் அணையும் என்றால் நம்புவீர்களா? உயரத்தை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட் நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் ஒரு மின்காந்த அதிர்வு கிளம்புகிறது. அதை வீடியோ கேபிள் பிடித்துக்கொண்டால், திரை ஒரு கணம் இருண்டு மீளும்! டிஸ்ப்ளேலிங்க் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு இதை எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. 2017-இல் எல்ஜியின் 5கே அல்ட்ராஃபைன் மானிட்டர்கள் வைஃபை ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் தடுமாறின. ரவுட்டரை 2 மீட்டராவது தள்ளி வையுங்கள் என்ற எல்ஜி, பிறகு தயாரித்தவற்றில் தடுப்புக் கவசம் சேர்த்தது. ஆகவே நல்ல உறை போட்ட, தேவைக்கு மேல் நீளமில்லாத கேபிளுக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் கண் வலிக்கிறதா? பல மானிட்டர்களில் பின்னாலுள்ள எல்இடி உண்மையில் மங்குவதே இல்லை! நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து அணைந்து எரிகிறது; அணைந்திருக்கும் நேரம் கூடக்கூட நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. போன் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி, வெள்ளைத் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதுதான் இது. பிரைட்னஸை ஏற்றிவைத்தால் துடிப்பு குறையும். புதிதாக வாங்குவோர் ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காலையில் சிமிட்டி, சூடேறியதும் சரியாகும் பழைய மானிட்டரில் பவர் போர்டின் கெப்பாசிட்டர் தலை வீங்கியிருக்கலாம். 2000-களின் தொடக்கத்தில் வந்த மட்டமான கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க இப்படி வீங்கி வெடித்தன! மாற்றும் பொருளுக்கு அதிகச் செலவில்லை. ஆனால் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். அது மெக்கானிக் வேலை.

உங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ ‘ரிப்பேர்’ என்று எழுதி மூலையில் வைத்த மானிட்டர் இருக்கிறதா? எடைக்குப் போடும் முன் வேறொரு நல்ல கேபிளை மாட்டி, அந்த மெனு பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்!