படகுக்காகக் காத்திருக்கும் கிராமங்கள்

கொல்கத்தாவில் உங்கள் வீட்டிற்குப் பாத்திரம் துலக்க வரும் சகோதரி எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று ஒருநாளாவது விசாரித்ததுண்டா? பாலிகஞ்ச், தாக்குரியா, ஜாதவ்பூர் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்குக் 'கேனிங் லோக்கல்' என்ற பெயர் பழக்கமானதே. விடியற்காலையில் அந்த இரயில் முழுவதும் வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள்.

அந்த இருப்புப்பாதை அவர்களுக்காகப் போடப்பட்டதன்று. மாத்லா நதிக்கரையில் கொல்கத்தாவுக்கு நிகரான துறைமுகம் ஒன்றை எழுப்ப ஆங்கிலேயர் ஆசைப்பட்டு, 1860-களில் அப்பாதையை அமைத்தனர். 'சைக்ளோன்' என்னும் சொல்லை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன் 1853-லேயே, அவ்விடம் புயலுக்கு இரையாகும் என்று எச்சரித்திருந்தார். எவரும் செவிகொடுக்கவில்லை. 1867-ல் புயல் அடித்தது. துறைமுகம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. தண்டவாளம் மாத்திரம் மிஞ்சியது. கப்பல் சரக்குக்கென்று போட்ட பாதையில் இன்று ஏழைகள் பிழைப்புக்கு வருகிறார்கள்.

கேனிங்கோடு இரயில் முடிகிறது, கிராமங்கள் முடிவதில்லை. மாத்லாவின்மேல் பாலம் திறக்கப்பட்டது 2011-ல்தான். அதற்குமுன் நீர் வற்றும் வேளையில் சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தே கரையேறினார்கள். இப்பொழுது சாலை வழியாகக் கோட்காளிவரை செல்லலாம். அங்கே நதி குறுக்கிடுகிறது, படகேறினால்தான் கோசாபா. சாத்ஜேலியா போன்ற தீவுக்குச் செல்பவருக்கு மேலும் ஒரு படகுத்துறை உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோசாபா வட்டாரத்தின் ஜனத்தொகை 2,46,598. இத்தனை ஜனங்களின் பிரயாணமும் படகுக்காரருக்கும் நீரேற்றத்துக்கும் கட்டுப்பட்டது. நடுஇரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணுக்கு அதன் பொருள் என்னவென்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

எந்தக் கிராமத்துக்குச் சாலை கிடைக்கும்? 2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சமவெளியில் 500 பேர், மலை, பாலைவனப் பகுதிகளில் 250 பேர் வசிக்கும் குடியிருப்புகளுக்கு அது சாலையை வாக்களித்தது. அரசுக்கு ஏதாவது ஒரு கணக்கு தேவைதான். அதை நான் குறைகூறவில்லை. ஆனால் 480 பேர் உள்ள ஊர் என்ன செய்யும்? சாலை இல்லாததால் வாலிபர் வெளியேறுவர். வாலிபர் வெளியேறுவதால் தலைக்கணக்கு இன்னும் குறையும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த உங்களுக்கு இது புதிதல்லவே! ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே பேருந்து நின்றபின் எத்தனை வீடுகள் பூட்டப்பட்டன என்பதை நீங்களே எண்ணிப் பார்த்திருப்பீர்கள்.

2024-ல் அங்கீகரிக்கப்பட்ட அத்திட்டத்தின் நான்காம் கட்டமும் 2011-ஆம் ஆண்டுத் தொகையையே அடிப்படையாகக் கொண்டது. அடுத்த கணக்கெடுப்பு 2027-க்குத்தான் குறிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சுந்தரவனத்தார் எத்தனை பேர் ஊரைவிட்டுப் போனார்கள்! 2009 மே 25-ல் அய்லா புயல் கரைகளை உடைத்து, வயல்களில் உப்புநீரைப் பாய்ச்சியது. விளைச்சல் கெட்டது; ஆண்கள் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் கட்டட வேலைக்குச் சென்றனர். வருடத்தில் பத்து மாதம் சென்னையில் இருப்பவனை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது?

நாம் ஊருக்குச் செல்ல ஏறும் அதே கோரமண்டல் விரைவுவண்டியில்தான் அவர்களும் ஏறுகிறார்கள். 2023 ஜூன் 2-ல் பாலாசோர் அருகே அவ்வண்டி விபத்துக்குள்ளாகி 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னாட்டுக்கு வேலை தேடிப் புறப்பட்ட பாசந்தி வட்டாரத்தாரும் அவர்களில் இருந்தனர். கோசாபாவுக்கு இக்கரையில் இருப்பதே அந்தப் பாசந்தி. அடுத்தமுறை ஷாலிமார் நிலையத்தில் நிற்கையில், முன்பதிவில்லாப் பெட்டிக்கு வரிசையில் காத்திருக்கும் அந்த வாலிபரிடம், வீட்டைவிட்டு எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள், எத்தனை படகு மாறினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.