துணிக்குப் போடும் காவல்

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் இறங்கிய அமெரிக்கப் படைக்குத் துப்பாக்கி ஏந்தாத எதிரி ஒன்றும் இருந்தது. கூடாரம், சீருடை, தோள்பட்டி என்று பருத்தியில் நெய்ததெல்லாம் மழையிலும் புழுக்கத்திலும் இற்றுப்போயின. பூஞ்சையின் வேலை அது. சாலமன் தீவுகளில் கிடைத்த கூடாரத் துணியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சைக்கு, துணி இற்றுப்போவதை ஆராய்ந்து பேர்போன எல்வின் ரீஸைப் பெருமைப்படுத்தும் விதமாகப் பின்னர் 'டிரைக்கோடெர்மா ரீசி' என்று பெயரிட்டார்கள். பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். இந்தப் பூஞ்சை சுரக்கும் செல்லுலேஸ் நொதி அதைச் சர்க்கரையாக உடைத்துவிடும். திருப்பூரில் பனியன் துணியின் பிசிறை நீக்க 'பயோ வாஷ்' செய்கிறார்களே, அதற்கு உதவுவதும் இதே வகை நொதிதான்!

அன்று கூடாரத் துணியைச் செப்புச் சேர்மங்களில் தோய்த்துக் காப்பாற்றினார்கள். நைலான் வருவதற்கு முன் நம் மீனவர்கள் பருத்தி வலையைப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயப்போட்டதும் இதற்காகவே. காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் நூலில் படிந்து, அதை அழுகவிடாமல் தடுக்கும். ஆக, இந்த நுட்பம் பிறந்தது துணியைக் காக்க. உடுத்துபவரைக் காக்கும் என்ற பேச்சு பிறகு வந்தது.

உடுப்பில் முதல் தொல்லை நாற்றம். வியர்வைக்கென்று பெரிதாக வாடை கிடையாது. தோலிலும் துணியிலும் வாழும் பாக்டீரியா அதை உடைக்கும்போதுதான் வாடை எழுகிறது. பருத்தி ஈரத்தை உறிஞ்சுவதால் அதுவே அதிகம் நாறும் என்று நினைப்போம். ஆனால் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பின் அதிகம் நாறியவை பாலியஸ்டர் சட்டைகளே.

பருத்தியும் இந்தத் தொல்லைக்குத் தப்பவில்லை. அதற்குக் காவல் போடும் மருந்துகள் பல: வெள்ளி, துத்தநாக ஆக்சைடு, குவாட்டர்னரி அம்மோனியம் சேர்மங்கள். எனக்குப் பிடித்தது கைட்டோசான். காரணம், அது இறால் ஓட்டுக் கழிவிலிருந்து வருகிறது. ஓட்டை அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரையும். காரத்தில் ஊறவைத்தால் புரதம் போகும். மிஞ்சும் கைட்டினைக் கடுங்காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கான செய்முறையை உருவாக்கியிருக்கிறது. அமிலச் சூழலில் கைட்டோசானின் அமினோ தொகுதிகள் நேர்மின் ஏற்றம் பெறும். பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின் கொண்டது. இரண்டும் ஒட்ட, பாக்டீரியாவின் உறை சிதைந்து உள்ளிருப்பது கசிந்துவிடும்.

மருந்தை ஏற்றுவது எளிது, தங்கவைப்பதுதான் கடினம். கைட்டோசானோடு சிட்ரிக் அமிலத்தையும் கரைத்து, அதில் துணியை முக்கி, இரண்டு உருளைகளுக்கு நடுவே பிழிந்து, ஸ்டென்டர் எந்திரத்தில் உலர்த்துவார்கள். பிறகு 150 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சில நிமிடம் சூடு கொடுப்பார்கள். அந்தச் சூட்டில் சிட்ரிக் அமிலம் ஒரு கையால் பருத்தியையும் மறு கையால் கைட்டோசானையும் பிடித்துக்கொள்ளும். விலையும் உண்டு: துணி சற்று விறைக்கும், மஞ்சளடிக்கும், கிழியாமல் தாங்கும் வலு குறையும். போதாக்குறைக்கு, சோப்புத்தூளின் எதிர்மின் மூலக்கூறுகள் கைட்டோசானின் நேர்மின்னை மறைத்துவிடுவதால் துவைக்கத் துவைக்க வீரியம் இறங்கும்.

வெள்ளியின் வழி வேறு. அது துணியிலிருந்து அயனியாகக் கசிந்து பாக்டீரியாவைக் கொல்கிறது. கசிந்தால்தான் வேலை, கசியக் கசியக் கையிருப்பு காலி. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பென், வெஸ்டர்ஹாஃப் என்ற ஆய்வாளர்கள் கடையில் வாங்கிய வெள்ளிக் காலுறைகளை நீரில் அலசிப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். சில காலுறைகள் நான்கைந்து அலசலுக்குள் ஏறத்தாழ எல்லா வெள்ளியையும் இழந்திருந்தன. அது போய்ச் சேருமிடம் சாக்கடை. அங்கே நமக்கு வேண்டிய பாக்டீரியாவும் இருக்கின்றன.

'99 சதவீதம் கிருமி ஒழிப்பு' என்ற விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பது ஆய்வகச் சோதனை. துணித்துண்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவை விட்டு, 37 டிகிரியில் பெரும்பாலும் 24 மணி நேரம் வைத்து, மிச்சத்தை எண்ணுவார்கள். பத்து லட்சத்தில் 99 சதவீதம் போனாலும் பத்தாயிரம் உயிரோடிருக்கும். அமெரிக்கச் சட்டம் இதில் தெளிவு: பதிவில்லாமல் விற்கும் துணிக்கு 'துணியைக் காக்கும்' என்று சொல்லலாம், 'உடுத்துபவரை நோயிலிருந்து காக்கும்' என்று சொல்லக்கூடாது.

மருத்துவமனை விரிப்புக்கும், நாள்கணக்கில் மாற்ற வழியில்லாத படைவீரரின் காலுறைக்கும் இந்தச் செலவு தகும். பள்ளிச் சீருடைக்கும் வீட்டுப் போர்வைக்கும் தேவையில்லை. சோப்பும் வெயிலும் போதும். அப்படியும் வாங்குவதென்றால், என்ன மருந்து, எத்தனை சலவைக்குப் பிறகு சோதித்தது என்ற இரண்டும் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.