தங்க வேட்டை: க்ளோண்டைக் தெரியும், பந்தலூர் தெரியுமா?

வடதுருவத் தங்க வேட்டைக் கதைகளுக்கு இன்றும் மவுசு உண்டு. 1897-ல் கனடாவின் க்ளோண்டைக்குக்குப் போன ஜாக் லண்டனுக்குத் தங்கம் கைகொடுக்கவில்லை. எழுத்துதான் சோறு போட்டது. இலுப்பூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி இதைப் படிக்கிறீங்களா? நம்ம நீலகிரியிலும் அப்படி ஒரு வேட்டை நடந்தது.

என்ன நடந்தது?

1879-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மைத் வரவழைக்கப்பட்டார். அவரது அறிக்கை ஆசை காட்ட, லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பந்தலூர் காட்டுக்குள் இயந்திரங்கள் இறங்கின. பாறையை அரைத்தால் செலவுக்குக்கூட தங்கம் தேறவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் காலி!

எதில் படிக்கலாம்?

டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய 1908-ம் ஆண்டு நீலகிரி கெசட்டியரில். அடுத்த ஐ.பி.ஓ.வில் பணம் போடும் முன் ஒருமுறை புரட்டுங்க. தங்கம் தேடிய மலையில் இன்று விளைவது தேயிலை.