உலோகம் வெட்டும் மின்கருவிகள் சூடாவதைத் தடுத்தல்

சன்னல் கிரில், இரும்புக் கதவு, தகரக் கொட்டகை முதலியவற்றைச் செய்வோர் ஆங்கிள் கிரைண்டர், கட்டிங் மெஷின், டிரில் ஆகிய மின்கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். தென்காசி மாவட்டம் கடையம் போன்ற ஊர்களில் இவ்வேலை பட்டறையிலும் வீடு கட்டும் இடத்திலும் நடைபெறும். வேலையிடத்தில் ஆர்மெச்சர் கருகினால் அன்றைய வேலை நின்றுவிடும். காயில் கட்டும் செலவும் சேரும்.

சூடாவதற்குக் காரணம்

வெப்பம் இரண்டு இடங்களில் உண்டாகிறது: வெட்டும் முனையில் உராய்வினாலும், மோட்டாரில் மின்னோட்டத்தினாலும்.

வெட்டும் முனையில் நீரைப் பாய்ச்சினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 விழுக்காடு வரை கூட்டலாம் என அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் 1906-இல் எடுத்துரைத்தார். இது கடைசல் இயந்திரத்துக்குப் பொருந்தும். கையில் பிடித்து இயக்கும் மின்கருவியில் நீர் பட்டால் மின்னதிர்ச்சி ஏற்படும். எனவே, காற்றே இதன் குளிர்விப்பான்.

அந்தக் காற்றைத் தரும் விசிறி மோட்டாரின் அச்சிலேயே பொருத்தப்பட்டுள்ளது. விரைவாக வெட்ட எண்ணி அழுத்தினால் மோட்டாரின் வேகம் குறைகிறது, காற்றும் குறைகிறது. அதே நேரத்தில் மின்னோட்டம் கூடுகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் சுருளில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். கருவிகள் கருகுவதற்கு அழுத்தம் முக்கியக் காரணமாவது இதனால்தான்.

தடுக்கும் முறைகள்

* கருவியின் எடையும் இலேசான அழுத்தமும் போதும். மோட்டாரின் ஒலி தாழ்ந்தால் உடனே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.
* மெல்லிய தகட்டுக்கும் குழாய்க்கும் 1 மி.மீ. தடிமனுள்ள வட்டு ஏற்றது. தடித்த வட்டு அதிக உலோகத்தைத் தேய்ப்பதால் சூடும் கூடும்.
* துருப்பிடிக்காத எஃகு, சாதாரண இரும்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, அதனை இடைவெளி விட்டு வெட்ட வேண்டும்.
* இரும்பில் துளையிடும்போது டிரில் பிட்டின் நுனியில் சில துளி எண்ணெய் விட்டு, வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.
* நீண்ட, மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் மின்னழுத்தத்தைக் குறைக்கும். தடித்த ஒயரையே பயன்படுத்த வேண்டும்.
* காற்றுத் துளைகளைக் கையாலோ துணியாலோ மூடக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பின், உலர்ந்த காற்றை ஊதி இரும்புத் தூளை அகற்ற வேண்டும்.
* கடுமையாக வெட்டிய பின் கருவியை உடனே நிறுத்தாமல், சுமையின்றி ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் விசிறி உட்சூட்டை வெளியேற்றும்.

எச்சரிக்கை

சூடான கருவியையோ வட்டையோ நீரில் நனைக்கக் கூடாது. நனைந்த வட்டு வலுவிழந்து, சுழலும்போது உடைந்து சிதறலாம். சாரல் காலத்தில் ஈரமான இடத்தில் கருவியை இயக்கலாகாது. கருகிய வாடையோ புகையோ வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மீண்டும் இயக்கிப் பார்ப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.