ஹைபிரிட் காரில் பிரேக் போனால்

ஹைபிரிட் காரின் பிரேக், பெட்ரோல் காரின் பிரேக்கைப் போல வேலை செய்வதில்லை. டொயோட்டா பிரியஸில் பெடலை மிதித்ததும், வேகத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று முதலில் கணினி கணக்குப் போடுகிறது. அதில் ஒரு பங்கை மின்மோட்டாரே ஏற்றுக்கொள்கிறது. அது ஜெனரேட்டராக மாறிச் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குப் போகிறது. மீதிப் பங்குதான் பிரேக் ஆயிலுக்கு. காலில் உணரும் இறுக்கம்கூட அதற்கென வைத்த ஒரு ஸ்பிரிங் அமைப்பு தருவதுதான்.

பெட்ரோல் காரில் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடம் பிரேக்குக்குத் துணைபுரியும். ஹைபிரிட்டில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுவதால் அதை நம்ப முடியாது. எனவே ஒரு மின்பம்பு ஆயிலை அழுத்தி, நைட்ரஜன் அடைத்த ‘அக்குமுலேட்டர்’ என்ற குடுவையில் சேமித்துவைக்கிறது. அழுத்தம் இறங்கினால் பம்பு தானாக ஓடி நிரப்பும். பழுதுகளில் பெரும்பாலானவை தொடங்கும் இடம் இதுதான்.

உள்ளே இருக்கும் வால்வு கசியத் தொடங்கினால், குழாய் ஒழுகும் வீட்டில் மாடித் தொட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருப்பது போல, இந்தப் பம்பும் ஓயாமல் ஓடும். வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடச் சிந்தாது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. பம்பு ஓய்ந்துபோகும் நாளில் சிவப்பு விளக்கும் அலாரமும் ஒன்றாக வரும், பெடல் கனத்துப்போகும். ‘திடீரென்று போய்விட்டது’ என்று சொல்லப்படும் பல பிரேக்குகள் மாதக்கணக்கில் முனகிவிட்டுப் போனவை.

அப்போதும் பிரேக் அடியோடு போய்விடுவதில்லை. கணினி ஒதுங்கிக்கொள்ள, மாஸ்டர் சிலிண்டர் வழியாகக் காலின் பலம் நேராகச் சக்கரத்துக்குப் போகும்படி வால்வுகள் மாறிவிடும். துணைப் பலம் இல்லாததால் முழு வலுவோடு, விடாமல் மிதிக்க வேண்டும். விட்டு விட்டு மிதித்தால் குடுவையில் மிஞ்சிய அழுத்தமும் வீணாகும். கியரை ‘பி’ (B) நிலைக்கு மாற்றினால் எஞ்சினின் இழுவை கைகொடுக்கும். பார்க்கிங் பிரேக்கை மெல்ல மெல்லத்தான் போட வேண்டும்.

பழுதைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் பேட்டரி. அது வலுவிழந்தால் பிரேக் கணினி தாறுமாறாக எச்சரிக்கை காட்டும். அதை நம்பி விலை உயர்ந்த பாகத்தை மாற்றியவர்கள் உண்டு. அடுத்தது ஆயில் மட்டம். பிறகு, கணினியில் பதிந்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர். சி1391 என்ற குறியீடு வந்தால் அக்குமுலேட்டர் அழுத்தம் கசிகிறது. சி1252 வந்தால் பம்பு அளவுக்கு மீறி நேரம் ஓடுகிறது. சி1256 வந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. ஸ்கேனர் இல்லாவிட்டாலும் காது போதும். வண்டியை ஆன் செய்து, பெடலைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். பம்பு சில விநாடி ஓடி அடங்கினால் நல்லது. யாரும் மிதிக்காதபோதே திரும்பத் திரும்ப ஓடினால் உள்கசிவு இருப்பது ஏறக்குறைய உறுதி.

2013 ஜூன் மாதம் டொயோட்டா சுமார் 2,42,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2010 மாடல் பிரியஸும் லெக்சஸ் எச்எஸ் 250எச்சும் அவற்றில் அடங்கும். அதிர்வால் அக்குமுலேட்டரில் விரிசல் விழுந்து, நைட்ரஜன் ஆயிலில் கலக்கக்கூடும் என்பது காரணம். வாயு கலந்த ஆயில் அமுங்குவதால் பெடல் ஆழமாக இறங்கும்.

உள்கசிவைச் சீல் மாற்றிச் சரிசெய்வது இந்த அமைப்பில் நடைமுறைக்கு ஒத்துவருவதில்லை. மூன்றாம் தலைமுறை பிரியஸில் மாஸ்டர் சிலிண்டரோடு சேர்ந்த பூஸ்டர், அக்குமுலேட்டரோடு சேர்ந்த பம்பு என்று இரண்டு பெரிய பாகங்கள் இருக்கின்றன. பழுதைப் பொறுத்து ஒன்றையோ இரண்டையுமோ முழுதாக மாற்றுவார்கள். கழற்றும் முன் ஸ்கேனர் வழியாகக் குடுவையின் அழுத்தத்தை இறக்கியாக வேண்டும். தவறினால் உயர் அழுத்த ஆயில் பீறிட்டுக் கண்ணைப் பதம்பார்க்கும். மாட்டிய பிறகு காற்றை வெளியேற்றுவதற்கும், வால்வுகளின் அளவைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பதற்கும் ஸ்கேனர் தேவை. பெடலை மிதித்துக் காற்று எடுக்கும் பழைய முறை மட்டும் இங்கே போதாது.

ஜப்பானில் ஓடிய பழைய பிரியஸ்கள் இலங்கைச் சாலைகளில் ஏராளம். அப்படி ஒன்றை வாங்கப் போகிறவர்கள் பேரம் பேசுமுன் அந்தப் பம்பின் ஓசையைக் கேட்டுப் பார்க்கட்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் பட்டறைக்கு ஓட்டிப் போகாமல் வேறு வண்டியில் ஏற்றியே அனுப்ப வேண்டும்.