பராதீனம்

'காணியை வெளிநாட்டுக்காரனுக்கு வித்துப்போட்டாங்கள்.' உல்லாசப் பயணத்துறை பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இந்த வசனம் எப்படியும் வந்துவிடும். சொல்பவர் மீனவர் சங்கத்துக்காரராக இருக்கலாம், பழைய இடதுசாரியாக இருக்கலாம், பௌத்த பிக்குவாகவும் இருக்கலாம். ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கவேண்டும் என்பது என்னுடைய நெடுநாளைய சந்தேகம். சட்டங்களை எடுத்து வாசித்தால் அது சந்தேகமாகவே இருந்துவிடவில்லை. இலங்கைச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைப் பெருமளவுக்குத் தடுத்தே வைத்திருக்கிறது. ஆனாலும் கரையோரம் போகிறது. விற்காமலே போகிறது. எப்படி என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

1963 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டம், பிரசை அல்லாத ஒருவருக்குக் காணி கைமாறினால் அதன் பெறுமதியில் நூறு வீதத்தை வரியாகக் கட்டச் சொன்னது. பத்து இலட்சத்துக்கு வாங்கினால் இன்னொரு பத்து இலட்சம் அரசுக்கு. 2002 இல் இந்த வரி நிறுத்தி வைக்கப்பட்டது, 2004 இல் திரும்பி வந்தது. பிறகு 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வரியோடு நிற்காமல், உரித்தை மாற்றுவதையே தடை செய்தது. 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததாக அது தன்னைப் பின்தேதியிட்டும் கொண்டது. வெளிநாட்டவர், வெளிநாட்டுக் கம்பனி, ஐம்பது வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள உள்ளூர்க் கம்பனி ஆகிய யாருக்கும் காணி உரித்து மாறக்கூடாது. ஐம்பதுக்குக் கீழே பங்கு வைத்துக் காணி வாங்கிய கம்பனி அடுத்த இருபது வருஷத்துக்கு அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. இதற்கு விலக்குகளும் உண்டு. தூதரகங்கள், 2014 இல் எழுதியபடி அடுக்குமாடியின் நாலாம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள வீடுகள், 2018 திருத்தத்தின் பின் பங்குச் சந்தையில் பதிவான கம்பனிகள். மண்ணில் கால் படாத உயரத்தில் இருந்தால் அந்நியனும் சொந்தக்காரனாகலாம் என்று இதை வாசிக்கலாம்.

இந்தச் சட்டம் யாரைப் 'பிறநாட்டவர்' என்கிறது என்பதை நம்மவர்கள் கவனித்துப் பார்க்கவில்லை. கனடாவிலோ பிரான்சிலோ பிரசாவுரிமை எடுத்த ஒருவர், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி இலங்கைப் பிரசை என்ற நிலையை இழந்துவிடுகிறார். இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தால் தப்பலாம். எடுக்காவிட்டால், தகப்பன் எழுதிவைத்தோ நன்கொடையாகவோ வந்தால் ஒழிய, பிறந்த ஊரில் அவர் ஒரு பரப்புக் காணி வாங்க முடியாது. புங்குடுதீவில் பிறந்து 1980களில் ஓடிப்போனவர் இந்தச் சட்டத்தின் முன் அந்நியர். அவருடைய ஊரில் விடுதி கட்ட வரும் கொழும்புக் கம்பனி, பங்கில் நாற்பத்தொன்பது வீதம் எங்கிருந்து வந்தாலும், உள்ளூர். 'வெளிநாட்டானுக்கு விக்காதே' என்று நாமும் சேர்ந்து கத்தும்போது யாருக்கு எதிராகக் கத்துகிறோம் என்று ஒருமுறை யோசிக்கலாம்.

சரி, உரித்து மாறாது. குத்தகை? 99 வருஷம் வரை கொடுக்கலாம். 2014 சட்டம் வெளிநாட்டுக் குத்தகைக்காரரிடம் மொத்தக் குத்தகைப் பணத்தில் பதினைந்து வீத வரி கேட்டது. 2017 திருத்தம் அதையும் நீக்கிற்று. கொழும்புத் துறைமுக நகரத்தின் கதை இவ்விடத்தில் பொருத்தமானது. கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டெயரில் இருபது ஹெக்டெயரைச் சீனக் கம்பனிக்கு அறுதியாகக் கொடுப்பதாக 2014 ஒப்பந்தம் சொன்னது. எதிர்ப்பு வந்தது. 2016 இல் அந்த இருபதும் 99 வருஷக் குத்தகையாக மாற்றப்பட்டது. தேசம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்ற தோரணையில் அது பேசப்பட்டது. 99 வருஷம் என்றால் மூன்று நாலு தலைமுறை. நட்டவன் பேரனுக்கும் அந்த மண் கிடையாது. அந்நியக் கையில் இருப்பதற்கும் அந்நியப் பெயரில் இருப்பதற்கும் இடையில் சட்டம் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது. அரசியல் முழுக்க அந்தச் சுவரில்தான் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இலங்கையின் சட்டத் தமிழில் காணியைக் கைமாற்றுவதற்குப் 'பராதீனப்படுத்தல்' என்றொரு சொல் உண்டு. மொழிபெயர்ப்பாளர்களைக் கேலி செய்வதற்கென்றே பிறந்த சொல் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பிரித்துப் பார்த்தால் பர அதீனம், பிறர் வசமாதல். சொல்லின் பொருளில் பார்த்தால் குத்தகைதான் அசல் பராதீனம். பெயர் நம்மிடம், வசம் அவரிடம். சட்டம் தடுக்க எழுந்ததோ உரித்தை மாற்றும் பராதீனத்தை மட்டும்தான்.

அடுத்து, குத்தகைக்குக் கொடுப்பவர் யார் என்ற கேள்வி. இத்தீவின் நிலத்தில் எண்பது வீதத்துக்கு மேல் அரச காணி. அது அப்படி ஆனதற்கு 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் முக்கிய காரணம். காடு, தரிசு, குடியிருப்பற்ற, பயிரிடாத நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, இராணியினுடையது என்று அது ஊகித்துக்கொண்டது. நிரூபிக்கவேண்டியது கிராமத்தவன் வேலை. அப்படி எடுத்த நிலம் வெள்ளைக்காரக் கோப்பித் துரைமாருக்குப் போயிற்று. இலங்கையில் காணியில் வந்த முதலாவது பெரிய வெளிநாட்டு முதலீடு இதுதான் எனலாம். அந்த முதலீட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் லயக் காம்பராவுக்கு உறுதி கேட்டு நிற்கிறார்கள். அந்தத் துரைமாரின் பங்களாக்கள் சில இப்போது உல்லாச விடுதிகள்.

1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் இதைச் சுதந்திர இலங்கைக்குப் பொருத்தமான பாஷையில் எழுதிற்று. 'பொதுத் தேவை' என்று அமைச்சர் தீர்மானித்தால் இரண்டாம் பிரிவு அறிவித்தல் ஒட்டப்படும். அவசரம் என்றால் 38ஆம் பிரிவின் கீழ் உடனேயே உடைமை எடுக்கலாம். 1968 இன் உல்லாசப் பயண அபிவிருத்திச் சட்டம் விடுதி கட்டுவதையும் பொதுத் தேவைகளின் வரிசையில் கொண்டுவந்து வைத்தது. இன்னொன்று 1979 இன் அரச காணி (உடைமை மீளப்பெறுதல்) சட்டம். அரச காணியில் இருப்பவரை நீதவான் முன் கொண்டுவந்தால், அவர் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று: எழுத்தில் உள்ள, செல்லுபடியாகும் அரச அனுமதி. பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறேன் என்பது அங்கே பதில் அல்ல. இராகலைத் தோட்டமொன்றிலிருந்து ஒருவரை வெளியேற்ற இச்சட்டத்தைப் பயன்படுத்தியதில் தொடங்கிய வழக்கில்தான், அரச காணி மீதான அதிகாரம் மாகாணத்திடம் அல்ல, மத்தியிடமே என்று 2013 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. பதின்மூன்றாம் திருத்தத்தின் காணி அதிகாரத்தைப் பற்றிய பெரிய தீர்ப்பு ஒரு தோட்டத்து மனிதனை எழுப்புகிற வழக்கிலிருந்து வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த மூன்று சட்டத்தையும் கடற்கரையில் வைத்துப் பாருங்கள். கரைவலைக்காரருக்குப் 'பாடு' என்பது வலை இழுக்கும் கரையும் அதன் முன்னாலுள்ள கடலும். தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும், சீதனமாகவும் போகும், முறைவைத்துப் பங்கிடப்படும். அதற்கு உறுதி இல்லை. மீன்பிடித் திணைக்களம் கொடுக்கும் அனுமதி தொழிலுக்கானது, மணலுக்கானது அல்ல. 2004 டிசம்பர் கடல்கோளின் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டத் தடைசெய்த வலயம் அறிவிக்கப்பட்டது. கடலோடி வாழ்ந்தவன் கடலை விட்டுத் தள்ளிப் போகவேண்டும், உல்லாச விடுதிக்கு விலக்கு. அலைக்கு விடுதி எது குடிசை எது என்று தெரியும் போலிருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் அந்தத் தூரம் தளர்த்தப்பட்டது, ஆனால் அதற்கிடையில் ஆட்கள் இடம்பெயர்க்கப்பட்டுவிட்டார்கள். போருக்குப் பின் பாசிக்குடாக் கரை துண்டு துண்டாக முதலீட்டாளருக்கு நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. வள்ளம் இழுக்கும் கரை சுருங்கிற்று. ஓர் உறுதி கூட எழுதப்படவில்லை. ஓர் உரித்தும் மாறவில்லை.

இதில் வெளிநாட்டான் கட்டாயம் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்டவர்களின் காணியில் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்குச் சுவீகரிக்க 2013 ஏப்ரலில் அறிவித்தல் ஒட்டினார்கள். அதே வலயத்துக்குள், காங்கேசன்துறையில், இராணுவம் 'தல்செவன' என்று உல்லாச விடுதி நடத்திக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் முகாமில், உல்லாசப் பயணி கடற்கரையில். இதில் 1963 சட்டமும் 2014 சட்டமும் கேட்க எந்தக் கேள்வியும் இல்லை. எல்லோரும் இலங்கைப் பிரசைகள்.

இனி மறுபக்கம். காணி வாங்க வரும் அந்நியனைச் சந்தேகிக்கும் அரசு, முதலீட்டோடு வரும் அந்நியனை அரசியலமைப்பிலேயே குடியிருத்தியிருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 157 ஆம் உறுப்புரையை எத்தனை பேர் வாசித்திருப்போம்? வெளிநாட்டு முதலீட்டின் பாதுகாப்புக்கான ஓர் உடன்படிக்கையைத் தேசிய பொருளாதாரத்துக்கு அத்தியாவசியம் என்று பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரித்தால், அது இலங்கைக்குள் சட்டமாகிவிடும். தேசிய பாதுகாப்புக்காக அன்றி அதற்கு மாறாக வேறெந்தச் சட்டமும் இயற்றக்கூடாது, நிர்வாக நடவடிக்கையும் எடுக்கக்கூடாது. அதே அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சொத்துரிமை கிடையாது. சொந்தப் பிரசையின் காணி அடிப்படை உரிமை அல்ல. அந்நிய முதலீடோ அரசியலமைப்பின் காவலைப் பெறலாம்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்குக் கொக்கட்டிச்சோலை சாட்சி. 1987 ஜனவரி 28 அன்று பாதுகாப்புப் படையினர் அங்கே ஒரு நடவடிக்கை மேற்கொண்டபோது மகிழடித்தீவு இறால் பண்ணை அழிந்தது. பண்ணைத் தொழிலாளர் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக ஊர் சொல்கிறது. பண்ணைக் கம்பனியில் ஹொங்கொங்கைச் சேர்ந்த ஏசியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் என்ற நிறுவனத்துக்கு 48 வீதப் பங்கு இருந்தது. 1980 இல் பிரித்தானியாவோடு செய்த முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி அந்த நிறுவனம் உலக வங்கியின் முதலீட்டுத் தகராறு மையத்துக்குப் போனது. எண்பது இலட்சம் டொலருக்கு மேல் கேட்டது. 1990 ஜூன் 27 அன்று தீர்ப்பு வந்தது: முதலீட்டுக்குப் பாதுகாப்பளிக்க அரசு உரிய கவனம் எடுக்கவில்லை, நாலு இலட்சத்து அறுபதினாயிரம் டொலர் வட்டியோடு கட்டவேண்டும். தனியாக ஒப்பந்தம் ஏதுமில்லாமல், நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கையை மட்டும் வைத்து ஒரு முதலீட்டாளர் அந்த மையத்தில் நடத்திய முதல் வழக்கு இதுதான். உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். பண்ணையின் பெறுமதி எப்படிக் கணிக்கப்பட்டது, நிரூபிக்கும் சுமை யாருடையது என்று படிக்கிறார்கள். செத்தவர்களின் குடும்பங்கள் அந்த வழக்கில் தரப்பினர் அல்லர், ஆகவும் முடியாது. உடன்படிக்கைக்குப் பங்குதாரரைத் தெரியும், தொழிலாளியைத் தெரியாது.

48 வீதம் என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கள். 2014 சட்டத்தின் அளவுகோலில் வைத்தால் இது ஐம்பதுக்குக் கீழ், ஆகவே அது உள்ளூர்க் கம்பனி, காணி வாங்கலாம். முதலீட்டு உடன்படிக்கையின் அளவுகோலில் அதே 48 வீதம் வெளிநாட்டு முதலீடு, வாஷிங்டனுக்குப் போகலாம். வாங்கும்போது சுதேசி, வழக்காடும்போது விதேசி. இறால் பண்ணைக்குப் பொருந்தியது உல்லாச விடுதிக்கும் பொருந்தும். இப்படியான உடன்படிக்கைகளில் 'முதலீடு' என்பது அசையாச் சொத்தையும் அதிலுள்ள மற்ற உரிமைகளையும் அடக்குவது வழக்கம், அதில் 99 வருஷக் குத்தகையும் அடங்கும். நாளைக்கு ஓர் அரசு மனம் திருந்தி ஒரு கரையை மீனவருக்குத் திருப்பிக் கொடுக்க நினைத்தால் நட்டஈட்டுப் பில் எங்கிருந்து வரும் என்பது இப்போது விளங்கும்.

நீதிமன்றத்தில் கதவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பொதுத் தேவைக்கென எடுத்த பத்தரமுல்லைக் காணி கொல்ஃப் மைதானத்துக்கும் விடுதிக்கும் போனதை 2008 இல் உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை முப்பது இலட்சம் ரூபா கட்டச் சொன்னது. அதற்கு முன், 2000 இல், எப்பாவல பொஸ்பேற்றை அமெரிக்கக் கம்பனி தோண்ட இருந்த திட்டம் அந்த ஊரவரின் மனுவால் நின்றது. இயற்கை வளத்துக்கு அரசு சொந்தக்காரன் மட்டுமல்ல, மக்களுக்காகக் காக்கும் பொறுப்புள்ளவன் என்ற கோட்பாடு அங்கே பேசப்பட்டது. இவற்றை வடகிழக்கின் கரையோரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று பேசுவோருக்கு முதலில் தேவை பத்திரங்கள்: இரண்டாம் பிரிவு அறிவித்தலில் என்ன தேவை என்று எழுதியிருந்தது, குத்தகை எத்தனை வருஷம், புதுப்பிக்கும் நிபந்தனை என்ன. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். வாங்கவேண்டும்.

ஆனால் எப்பாவல மனுதாரர்கள் வயற்காரர், தென்னங்காணிச் சொந்தக்காரர், ஒரு விகாரையின் தலைமைப் பிக்கு. மனுவின் முதல் பந்தியில் இன்னார் இன்ன காணிக்காரர் என்று எழுத முடிந்தது. பாடு போன கரைவலைக்காரருக்காக ஒரு மனு எழுதப்போனால் அந்தப் பந்தியிலேயே வழக்கறிஞரின் பேனை நின்றுவிடுகிறது. உறுதிக்காரர் அல்ல, குத்தகைக்காரர் அல்ல, அனுமதிப்பத்திரக்காரரும் அல்ல. வேறு என்னவென்று எழுதுவது?