குடிவராத கோபுரம்

1931ஆம் ஆண்டு மே முதல் நாள். வாஷிங்டனில் இருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர் ஒரு பொத்தானை அழுத்த, நியூயார்க் நகரில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் விளக்குகள் ஒளிர்ந்தன. 102 தளங்கள், 1,250 அடி உயரம், உலகின் மிக உயர்ந்த கட்டடம் என்னும் பெருமை. எனினும் அதன் அலுவலகப் பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு மட்டுமே வாடகைதாரர் கிடைத்திருந்தனர். நகர மக்கள் அதன் பெயரைச் சற்றே திரித்து, 'எம்ப்டி ஸ்டேட்' கட்டடம், அதாவது வெற்றுக் கட்டடம் என்று எள்ளி நகைத்தனர்.

வளமான காலத்தில் திட்டமிடப்பட்டு, பெருமந்தக் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டதே அதன் ஊழ். 1929இல் பங்குச்சந்தை வீழ்ந்தபின் நிறுவனங்கள் புதிய அலுவலகம் தேடுவதை நிறுத்தின. 1930இல் திறக்கப்பட்ட கிரைஸ்லர் கட்டடம் உள்ளிட்ட பல வானளாவிகள் இருந்த சில வாடகைதாரர்களுக்காகப் போட்டியிட்டன. பெரிய தொடர்வண்டி நிலையங்களிலிருந்து நடந்துசெல்லச் சற்றுத் தொலைவு என்பதும் இக்கட்டடத்துக்குக் குறையாயிற்று.

விற்காத துணியை வணிகர் அடுத்த திங்களும் விற்கலாம். வாடகைக்குப் போகாத அறையின் ஒரு திங்கள் வருவாயோ இழந்தது இழந்ததுதான். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரியும் கடன் வட்டியும் குறைவதில்லை. ஆதலால் கட்டட உரிமையாளர் வாடகைதாரரைத் தேடிச் செல்லவேண்டிய நிலை ஏற்பட்டது.

நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் ஆளுநரும், 1928 தேர்தலில் ஹூவரிடம் தோற்றவருமான ஆல் ஸ்மித், கட்டட நிறுவனத்தின் தலைவராக அமர்த்தப்பட்டிருந்தார். மக்கள் அறிந்த அவருடைய முகமே முதல் விளம்பரம். இரவில் ஆளற்ற மேல்தளங்களிலும் விளக்கேற்றி, அங்கே அலுவலகங்கள் இயங்குவதுபோலத் தோன்றச் செய்தனர். இதனைத் திறமை என்பதா, ஏமாற்று என்பதா? தொலைவிலிருந்து பார்த்தவர் மயங்கியிருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வந்தவர் அண்டை அறைகள் பூட்டிக் கிடப்பதைக் காணாமலா இருந்திருப்பார்? விளக்கொளி வாடகைதாரரைக் கொண்டுவந்து நிறைக்கவில்லை.

கைகொடுத்தது உயரமே. உச்சியிலிருந்து நகரைக் காணக் கட்டணம் செலுத்தி மக்கள் திரண்டனர். முதலாண்டில் காட்சித் தளம் ஈட்டிய ஏறத்தாழ இருபது இலட்சம் டாலர், அவ்வாண்டின் வாடகை வருவாய்க்கு இணையாக இருந்தது. 1933இல் வெளிவந்த 'கிங் காங்' திரைப்படத்தில் மாபெரும் குரங்கு ஏறி நின்றதும் இக்கட்டடத்தின்மீதுதான்.

அதே நகரில் எழுந்த ராக்பெல்லர் மையத்தின் வழி வேறு. பழைய இடத்தின் ஒப்பந்தக் காலம் முடியாமையால், விரும்பிய நிறுவனமும் இடம்மாற இயலாது. அந்தப் பழைய ஒப்பந்தத்தின் வாடகைச் சுமையைத் தாமே ஏற்பதாக மையத்தார் முன்வந்தனர். வாடகைதாரரின் உண்மையான தடை எது எனக் கண்டு, அதனை நீக்கிய செயல் இது. தம் குடிகளை இழந்த பிற உரிமையாளர்களுக்கு இது நேர்மையற்றதாகத் தோன்றியது; அவர்களுள் ஒருவர் 1934இல் ஒரு கோடி டாலர் இழப்பீடு கோரி வழக்கே தொடுத்தார்.

எம்பயர் ஸ்டேட் கட்டடம் உண்மையாக இலாபம் காணத் தொடங்கியது, போர் முடிந்து வணிகம் தழைத்த பின்னரே. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அதற்கு மீண்டும் போட்டி வந்தது. புதிய கட்டடங்களின் வசதிகளுக்கு முன் அது மூப்படைந்து நின்றது. 2009இல் அறிவிக்கப்பட்ட சீரமைப்பு, ஆற்றல் பயன்பாட்டை 38 விழுக்காடு குறைப்பதை இலக்காகக் கொண்டது. ஏறத்தாழ 6,500 சாளரங்களும் கழற்றப்பட்டு, கட்டடத்துக்குள்ளேயே அமைந்த பட்டறையில் வெப்பம் காக்கும் வகையில் புதுப்பித்துப் பொருத்தப்பட்டன. மின்செலவு குறையும் அலுவலகத்தைத் தேடிய நிறுவனங்களுக்கு எடுத்துக்காட்ட, இம்முறை உரிமையாளர்களிடம் கணக்கு இருந்தது. 2011இல் லிங்க்ட்இன் நிறுவனம் அங்கே இடம் எடுத்தது.